கொழும்பிலிருந்து பைனஸ் காடு பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீவு விட்டதும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து வேன் பிடித்து மலையகம் போகும் குடும்பங்கள் இப்போது நுவரெலியா வாவி, ஒன்பது வளைவுப் பாலத்தோடு பைனஸ் (பைன் மர) காட்டையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நல்ல விஷயம்தான். எனக்கும் அந்தக் காடுகள் மிகவும் பிடிக்கும். ஆனால் இவை மனிதர் கையால் நட்ட காடுகள். அதைத் தெரிந்துகொண்டு போனால் கண்ணில் படுவதே வேறு. தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இது இயற்கையான காடு இல்லையா?

இல்லை. இலங்கையில் தானாக வளர்ந்த ஊசியிலை மரம் என்று ஒன்றுமே கிடையாது. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரே ஓர் இனம் உண்டு. நமக்கு அதுவும் இல்லை. நம் மலைச்சரிவுகளில் நிற்பவற்றில் பெரும்பாலானவை கரிபியன் பைன். நிக்கரகுவா, ஹொண்டுராஸ், பெலீஸ், கியூபா, பஹாமாஸ் போன்ற நாடுகள்தான் அதன் தாய்வீடு. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் வனத் திணைக்களம் வெளிநாட்டு உதவியோடு இதைப் பெருமளவில் நட்டது.

ஏன் நட்டார்கள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் வந்து, சில வருடங்களில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலையும் சரிவராத இடங்கள், சேனைப் பயிர்ச்செய்கைக்காக எரித்து எரித்து மேல்மண் போன சரிவுகள், ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் எல்லாம் வெறும் நிலமாகக் கிடந்தன. மகாவலித் திட்டத்தில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல நீர்த்தேக்கங்கள் வந்தபோது, மேலே இருக்கும் மண் எல்லாம் கழுவிக்கொண்டு வந்து அணைக்குள் படிந்துவிடுமே என்ற பயமும் வந்தது. அந்தக் கெட்டுப்போன மண்ணில் நட்டால் பிழைக்கக்கூடிய, மாடு தின்னாத, சட்டென்று உயரும் மரம் தேவைப்பட்டது. பைனஸ் அதற்குப் பொருந்தியது.

நட்ட காடு என்பதை நேரில் பார்க்க ஒரு வழி: உள்ளே போய் ஓரிடத்தில் நின்று, மெதுவாக உடம்பைத் திருப்புங்கள். தாறுமாறாக நிற்பதுபோல் தெரிந்த மரங்கள் ஒரு கோணத்தில் திடீரென்று வரிசை வரிசையாகத் திறக்கும். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பருமன், ஒரே வயது.

எங்கே போகலாம்?

கண்டிப் பக்கம் என்றால் ஹந்தானை. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே எழும் மலைத்தொடர் அது. வளாகத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு ஹந்தானைக் கதை இருக்கும். பைனஸ் சரிவும் புல்வெளியும் தேயிலையும் அடுத்தடுத்து வருவதால் வித்தியாசத்தை ஒரே நடையில் பார்த்துவிடலாம். மேலே மூடுபனி சட்டென்று இறங்கும். வழி தெரிந்தவர் இல்லாமல் உச்சிக்குப் போகாதீர்கள்.

நக்கிள்ஸ் போகிறவர்கள் ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரேக்குப் போகும் பாதையில் டீன்ஸ்டன் பக்கம் நிறுத்திப் பாருங்கள். இங்கே பைனஸும் உண்மையான மலைக்காடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பைனஸுக்குள் பத்து நிமிடம் நின்றுவிட்டு அப்படியே மலைக்காட்டு ஓரத்துக்கு நடந்துவாருங்கள். முதலாவதில் காற்று மட்டும் இரையும். கால் சத்தமும் கேட்காது. இரண்டாவதில் பூச்சி, தவளை, குருவி எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழும், மரத்தண்டெல்லாம் பாசி. எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இந்தப் பத்து நிமிடம் பிள்ளைகளுக்கு நிறையச் சொல்லிக்கொடுக்கும். எனக்குக் கேட்டால், ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்பவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஊவாவில் ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை என்று ரயில் பாதை நெடுகிலும் பைனஸும் யூக்கலிப்டஸும்தான். தியத்தலாவையில் பல சரிவுகள் இராணுவ முகாமுக்குச் சொந்தமானவை. பலகையைப் பார்க்காமல் உள்ளே இறங்க வேண்டாம்.

மலைக்குப் போக நேரமில்லை என்றால் கலவானைப் பக்கமாக சிங்கராஜவின் குடாவை வாசல் இருக்கிறது. அங்கே காட்டின் எல்லையோரத்தில் நட்ட பைனஸ் தோப்புகளில்தான் நான் கீழே சொல்லப்போகும் முக்கியமான வேலை நடந்தது.

எப்போது போவது நல்லது?

ஹந்தானை, நுவரெலியாப் பக்கத்துக்கு ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை. ஊவாவுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு. ஆனால் ஹப்புத்தளைக் காற்று ஆளைத் தள்ளும், காடும் காய்ந்து நெருப்புக்குத் தயாராக இருக்கும். மார்ச் கடைசி, ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமின்னல் வரும். உயர்ந்த மரங்களுக்குக் கீழே அந்த நேரம் நிற்கக்கூடாது. ஆகவே காலையில் போய் இரண்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். படம் எடுப்பவர்களுக்கும் ஏழு, எட்டு மணி வெயில் மரங்களுக்கிடையே சாய்ந்து விழும் நேரம்தான் வாய்ப்பு.

எப்படிப் போவது?

கோட்டையிலிருந்து பதுளை ரயில். ஆசனப் பதிவு ஒரு மாதத்துக்கு முன் திறந்ததும் முடிந்துவிடும். விடுமுறை நாட்களுக்கு நம்பி இருக்காதீர்கள். பெருமழை பெய்த பிறகு மண் சரிந்து மலைப்பாதை மூடப்படுவது வழக்கம். புறப்படுமுன் ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் என்றால் இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாகப் பதுளை போகும் 99ஆம் இலக்கம். கண்டிக்கு 1ஆம் இலக்கம். அங்கிருந்து ஓட்டோ.

பைனஸ் நட்டால் ஊற்று வற்றிவிடும் என்கிறார்களே, உண்மையா?

ஊவாவில் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள்: "பைனஸ் வந்த பிறகு பீலித் தண்ணி குறைஞ்சுபோச்சு." அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிற ஆட்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

புல் காய்கிற காலத்தில் காய்ந்து, தண்ணீர் இழுப்பதை நிறுத்திக்கொள்ளும். பைனஸ் வருடம் முழுவதும் பச்சையாக நிற்கும். வேர் ஆழமாகப் போய் வறட்சியிலும் இழுக்கும். போதாததற்கு, தூறலாகப் பெய்யும் மழையில் ஒரு பங்கு ஊசிகளிலேயே ஒட்டி நின்று, நிலத்துக்கு வராமல் ஆவியாகிவிடும். உலகெங்கும் நடந்த 94 நீரேந்து பகுதி (மழைநீர் சேர்ந்து ஓடைக்கு வரும் நிலம்) ஆய்வுகளை பொஷ், ஹியூலெட் என்ற இருவர் 1982இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஒரு நீரேந்து பகுதியில் பைன் அல்லது யூக்கலிப்டஸ் மூடிய பரப்பு 10 சதவீதம் கூடினால், ஆண்டு நீரோட்டம் சராசரியாக 40 மில்லிமீற்றர் குறைகிறது என்று கண்டார்கள். புதர்க்காட்டில் அது 10 மில்லிமீற்றர் அளவுதான்.

ஆனால் இந்தக் கணக்கை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது முக்கியம். புல்வெளியில் பைனஸ் நட்டால் ஓடை மெலியும், அது சரி. அதே இடத்தில் முன்பிருந்த மலைக்காடும் நிறையத் தண்ணீர் குடித்த காடுதான். காடு போய், நிலம் வெறுமையாகி, பிறகு பைனஸ் வந்த கதையில் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பத்தனையின் நடுவே, ஊற்றுக்கண்ணுக்கு மேலே நட்டது பிழையான இடம். சேனை எரித்துச் செம்மண் தெரிந்த சரிவில் நட்டது வேறு விஷயம்.

பைனஸுக்குக் கீழே ஒன்றுமே முளைக்காதாமே?

இதைத்தான் நான் எல்லோரையும் குனிந்து பார்க்கச் சொல்கிறேன்.

உதிர்ந்த ஊசிகளில் ஒரு கொத்தை எடுங்கள். அடியில் ஒரு பழுப்பு உறையில் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். ஒரு சாண் நீளம் வரும். இவை லேசில் உக்காது. அதனால்தான் மெத்தைபோலக் குவிகின்றன. அந்த மெத்தையைக் கையால் விலக்கினால் மேல் அடுக்கு செம்பழுப்பு, அடுத்தது கறுத்து ஈரமாக, அதற்கும் கீழே மண்ணோடு ஒட்டி வெள்ளை நூல்நூலாக ஒன்று ஓடும். அது பூஞ்சை. பைனஸ் வேரோடு கூட்டு வைத்து மண்ணிலிருந்து சத்து எடுத்துக்கொடுப்பது இந்தப் பூஞ்சை வகைதான். அது இல்லாவிட்டால் பைனஸ் சரியாக வளராது. பார்த்து முடிந்ததும் ஊசியைத் திரும்ப மூடிவிடுங்கள்.

இனிச் சுற்றிப் பாருங்கள். அடிக்கடி எரியும் தோப்பில் உண்மையாகவே எதுவும் இருக்காது; மானாப்புல் கொஞ்சம், பன்னம் கொஞ்சம். பல வருடம் எரியாமல் தப்பிய தோப்பில், அதுவும் பக்கத்தில் இயற்கைக் காடு இருந்தால், நாட்டுச் செடிகள் தலைகாட்டியிருக்கும். பறவை போட்ட விதை, காற்று கொண்டுவந்த விதை. ஓடையோரத்திலும் மரம் விழுந்து வெளிச்சம் வந்த இடத்திலும் இன்னும் அதிகம்.

இதைக் கவனித்து ஒரு வழியாகவே மாற்றியவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும். சிங்கராஜ எல்லையிலிருந்த பைனஸ் தோப்புக்குள் மழைக்காட்டு உயர்மரங்களின் கன்றுகளை நட்டார்கள். சில இடங்களில் பைனஸ் வரிசைகளை வெட்டி வெளிச்சம் விட்டார்கள், சில இடங்களில் அப்படியே விட்டார்கள். மூடிய நிழலில் கன்றுகள் தேங்கின. வரிசை நீக்கிய இடங்களில் நன்றாக வளர்ந்தன. 1997இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு, பைனஸை மழைக்காட்டின் செவிலித்தாயாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. வெறும் வெயில் சரிவில் மழைக்காட்டுக் கன்று கருகிப்போகும். பைனஸின் அரைநிழல் அதைக் காப்பாற்றுகிறது, புல்லையும் அடக்கிவைக்கிறது. நம் நாட்டில் நடந்த வேலைகளில் இதைவிட நம்பிக்கை தருவது எனக்கு அதிகம் தெரியாது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நாட்டு மரம் நட்டுவிடலாமே?

செங்குத்தான சரிவில் ஒரேயடியாக வெட்டினால் அடுத்த மழைக்கே மண் இறங்கும். வெட்டிய இடத்தில் முதலில் வருவதும் நாட்டு மரம் இல்லை, மானாப்புல்லும் கினிப்புல்லும்தான். அது காய்ந்தால் மறுபடி நெருப்பு. கொஞ்சம் கொஞ்சமாக வரிசை நீக்கி, நட்டு, பராமரித்து, நெருப்பைத் தடுத்து என்று பல வருட வேலை இது. 1990 முதல் இலங்கையில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. பலகைக்கு மரம் நட்ட காட்டிலிருந்து வந்தால்தான் மற்றக் காடு தப்பும்.

மரத்தில் பட்டையைச் சீவி, கீழே பை கட்டியிருக்கிறார்களே, அது என்ன?

பிசின் எடுக்கிறார்கள். இடுப்பு உயரத்தில் பட்டையைச் சீவி, கீறல் போட்டு, அமிலம் பூசினால் பிசின் தொடர்ந்து கசியும். கீழே பையோ சிரட்டையோ இருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள்: புதிதாக வடிந்தது தேன்போலத் தெளிவாக இருக்கும், பழையது வெள்ளைக் கட்டியாகக் காய்ந்திருக்கும். மணம் வார்னிஷ் கடையை ஞாபகப்படுத்தும். அதில் ஆச்சரியமில்லை, இதைக் காய்ச்சித்தான் டர்பன்டைனும் ரோசினும் எடுக்கிறார்கள். சங்கீத வகுப்புக்குப் போகும் பிள்ளை வயலின் வில்லில் தேய்க்கும் கட்டி அந்த ரோசின்தான்.

பையைத் தொடாதீர்கள். ஒருவருடைய நாள் கூலி அதற்குள் இருக்கிறது. கையில் பட்டால் தண்ணீருக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள்.

காட்டுக்குள் நெருப்பு மூட்டிச் சமைக்கலாமா? பார்பிகியூ?

கூடாது. இதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை.

நான் மேலே சொன்ன மெத்தை இருக்கிறதே, அது முழுக்க எரிபொருள். ஊசியில் பிசின் உண்டு, இடையிடையே காற்று உண்டு. ஒரு சிகரெட் துண்டு போதும். சரிவில் நெருப்பு மேல்நோக்கி ஓடும்போது மனிதனால் முந்த முடியாது. பைனஸ் மரத்துக்குத் தடித்த பட்டை இருப்பதால் பெரிய மரம் பெரும்பாலும் தப்பிவிடும். சாவது கீழே பத்துப் பதினைந்து வருடமாக மெல்ல மெல்ல வந்த நாட்டுக் கன்றுகள். மறு வருடம் போய்ப் பார்த்தால் காடு முன்போலவே நிற்பதாகத் தெரியும். அதனால்தான் எவ்வளவு போய்விட்டது என்று யாருக்கும் புரிவதில்லை. நம் மலைகளில் காட்டுத்தீ பெரும்பாலும் தானாக வருவதில்லை, ஆள் வைப்பதுதான். ஒதுக்கப்பட்ட காட்டில் தீ மூட்டுவது 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டப்படி குற்றமும்கூட.

சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போங்கள். லஞ்ச் ஷீட்டையும் தண்ணீர்ப் போத்தலையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அனுமதி வேண்டுமா?

பைனஸ் தோப்புகள் பெரும்பாலும் வனத் திணைக்களத்தின் நிலம். பொதுப் பாதையோரமாக நின்று பார்க்க யாரும் கேட்பதில்லை. நக்கிள்ஸ், சிங்கராஜ போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் டிக்கெட் எடுக்க வேண்டும். கூடாரம் அடிப்பதற்கும் கல்யாணப் படப்பிடிப்புக்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

வயதான அம்மா, சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?

தாராளமாக, தட்டையான பாதையோரமாக. ஆனால் ஒன்று: பைனஸ் ஊசி ஈரத்தைவிடக் காய்ந்திருக்கும்போதுதான் அதிகம் வழுக்கும். சரிவில் செருப்போடு கால் வைத்தால் பாட்டா செருப்பு எங்கே, ஆள் எங்கே என்று ஆகிவிடும். பின்பக்கம் பட்டி உள்ள, அடியில் பல் உள்ள சப்பாத்து போடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு தடி. இறங்கும்போது நேராக இறங்காமல் குறுக்காக நடந்து இறங்குங்கள். பலமான காற்று வீசும் நாளில் காய்ந்த கிளைகள் விழும், அன்றைக்கு உள்ளே வேண்டாம்.

அட்டை, பாம்பு, சிறுத்தை?

காய்ந்த பைனஸ் சரிவில் அட்டை குறைவு. டீன்ஸ்டனிலும் சிங்கராஜவிலும் மழைக்குப் பிறகு தாராளமாக ஏறும். காலில் சித்தாலேப தடவிக்கொண்டு, காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். பாம்புக்கு, கை வைக்கும் இடத்தைப் பார்த்துக் கை வையுங்கள், அவ்வளவுதான். மலையகச் சிறுத்தை தேயிலைத் தோட்டத்தையும் பைனஸையும் வழியாகப் பயன்படுத்துவது உண்மை. பகலில் கூட்டமாகப் போகிறவர்கள் அதைக் காண்பது அரிது. பொழுது சாய்ந்த பிறகு உள்ளே நிற்காதீர்கள்.

டிசம்பரில் கிறிஸ்மஸ் மரத்துக்கு ஒரு கிளை வெட்டலாமா? காயாவது பொறுக்கலாமா?

கிளை கூடாது. அரச காட்டில் மரம், இலை, பிசின் எல்லாமே சட்டப்படி வன உற்பத்தி. காயையும் கையில் எடுத்துப் பிள்ளைக்குக் காட்டிவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். செதில்களுக்கிடையே இறக்கை முளைத்த விதை இருக்கிறதா என்று தேடச் சொன்னால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

மழைக்காலத்தில் மண்சரிவு பயம் உண்டா?

உண்டு. மரம் இருக்கிறதே என்று நம்பிவிடக்கூடாது. வேர் பிடிப்பது மேல்மண்ணைத்தான்; ஆழத்தில் பல மீற்றர் தடிப்பில் மண் நகர்ந்தால் மரத்தோடு சேர்த்தே இறங்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் லயன்கள் மண்ணுக்குள் போன காலையை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எச்சரிக்கை விடுகிறது. நீங்கள் போகும் பிரிவுக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அங்கே இருக்கிறபோது பாதையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென்று கலங்கி ஓடும் ஊற்று இவற்றைக் கண்டால் உடனே விலகுங்கள்.

பக்கத்துத் தோட்டத்து ஆட்களிடம் வழி கேட்கலாமா?

கட்டாயம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு கூகுள் வரைபடத்துக்குத் தெரியாது. "அண்ணே", "அக்கா", "ஐயா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டால் பாதி தூரம் கூடவே வந்து விடுவார்கள். வழிகாட்டியாக வந்தால் பேசிக் கூலி கொடுங்கள். லயன் வாசலிலும், கொழுந்து எடுக்கிற இடத்திலும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். விறகுக்கு வரும் அக்காமாரிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். எந்தத் தோப்பு எந்த வருடம் எரிந்தது, எந்த ஊற்றில் இன்னும் தண்ணீர் வருகிறது என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள்.

கண்டியில் அரை நாள்தான் இருக்கிறது. ஏதாவது பார்க்க முடியுமா?

பேராதனைப் பூங்காவில் குக் பைன் மரச்சாலை இருக்கிறது. இது பைனஸ் குடும்பமில்லை. அரவுக்காரியா இனம், நியூ கலிடோனியாத் தீவிலிருந்து வந்தது. மரங்கள் வளைந்து சாய்ந்து நிற்பதைப் பார்த்துக் காற்று தள்ளியது என்று பலர் சொல்வார்கள். உலகின் பல நாடுகளில் இந்த மரங்களை அளந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பூமத்திய ரேகைக்கு வடக்கே நிற்பவை தெற்கு நோக்கியும், தெற்கே நிற்பவை வடக்கு நோக்கியும் சாய்வதாகத் தெரிந்தது. தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்துவைத்து, பேராதனை மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள்.